இருபது மணித்தியாலக் கணக்கு: மாணவர் விசாவில் எந்த நாட்டில் என்ன வேலை, எவ்வளவு வேலை

வெள்ளவத்தையில் என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் கிடந்தது. காலி வீதியில் உள்ள ஒரு முகவர் நிலையத்தில் மருமகனுக்கு எழுதிக் கொடுத்தது என்று அக்கா சொன்னார். மேலே லண்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. கீழே பேனாவால் மூன்றே வரி: வாரம் 20 மணித்தியாலம், மணிக்கு 12.71 பவுண், ஆண்டுக்கு 52 வாரம். விடை 13,218 பவுண். அதன் கீழ் இரட்டைக் கோடு. "இதோட படிப்புக் காசில அரைவாசியும் கட்டலாமெண்டு சொல்லீச்சினம், மாமா" என்றான் அவன். கொக்குவிலில் உள்ள காணியை விற்பதா, ஈடு வைப்பதா என்ற பேச்சு வீட்டில் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

பெருக்கலில் பிழை இல்லை. நான் கணக்காய்வுத் தொழிலில் இருப்பவன் என்பதால், பெருக்கப்பட்ட எண்கள் எங்கிருந்து வந்தன என்றுதான் முதலில் பார்த்தேன். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு நாடும் மாணவரின் வேலைநேரத்தை எப்படி எண்ணுகிறது, அந்த நேரம் முழுவதும் குறைந்தபட்சச் சம்பளத்தில் உழைத்தால் கிடைப்பது அந்த நாட்டு அரசாங்கமே வாழ்க்கைச் செலவுக்குத் தேவையென்று கேட்கும் தொகையில் எவ்வளவு பங்கு, படிப்பு முடிந்தபின் எவ்வளவு காலம் வேலை செய்யலாம் என்பவற்றை ஒப்பிட்டோம். அந்த ஒப்பீடே இக்கட்டுரை. மருமகன் கணினி விஞ்ஞானப் பட்டதாரி, வயது 26, கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். வேறொருவருக்கு விடை வேறாகலாம்.

பிரித்தானியாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் தாளில் இருந்தது அதுதான். அங்கே பட்டப்படிப்பு மட்டத்தில் படிப்பவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட பாடநெறி என்றால் 10. வாரம் என்பது திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிவது. ஒரு வாரம் 24, மறு வாரம் 16, சராசரி 20 என்ற நியாயம் அங்கே எடுபடாது. 24 மணித்தியாலம் உழைத்த அந்த ஒரு வாரமே விசா நிபந்தனை மீறல். விடுமுறையில் முழுநேரம் உழைக்கலாமே என்று பலர் சொல்வது இளமாணி மாணவருக்குப் பொருந்தும். ஓராண்டு முதுமாணிப் படிப்பில் கோடை காலம் ஆய்வுக் கட்டுரை எழுதும் காலம் என்பதால், பொதுவாக அது விடுமுறைக் கணக்கில் வராது. முகவர்கள் பெரும்பாலும் விற்பது இந்த ஓராண்டு முதுமாணியைத்தான். விடுமுறை உழைப்பைக் காட்டுவதும் அதே வாயால்தான்.

சுயதொழிலும் அங்கே கூடாது. சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரூ, ஊபர் ஈட்ஸ் வேலை சுயதொழிலாகவே கருதப்படுகிறது. இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுவது இரட்டைத் தவறு. கொழும்பிலிருக்கும் வாடிக்கையாளருக்கு அறையில் இருந்தபடி மென்பொருள் எழுதிக் கொடுத்து விலைப்பட்டியல் அனுப்புவதும் இதே வலையில்தான் விழும். மருமகனின் முகம் சுருங்கியது இந்த இடத்தில்தான், ஏனெனில் அவனுடைய மறைமுகத் திட்டமே அதுவாக இருந்தது.

இனிப் பணம். 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கான குறைந்தபட்சச் சம்பளம் 12.71 பவுண், தாளில் இருந்த எண் சரியானதே. வாரத்துக்கு 20 மணித்தியாலம், ஒரு வாரமும் தவறாமல் உழைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,101 பவுண் வரும். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது பிரித்தானிய உள்துறை, வாழ்க்கைச் செலவுக்கென்று காட்டச் சொல்லும் தொகை லண்டனில் மாதம் 1,529 பவுண், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண். அதாவது சட்டம் அனுமதிக்கும் கடைசி நிமிடம் வரை உழைத்தாலும், லண்டனில் சாப்பாட்டுக்கும் அறைக்கும் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகவே வரும். படிப்புக் கட்டணத்துக்கு ஒரு பென்னியும் மிஞ்சாது. அந்த இரட்டைக் கோட்டின் கீழே நான் எழுதிய முதல் வரி இதுதான்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கையில் காசு கொடுக்கும் வேலைகள் இருக்கின்றன. என் நண்பர் ஒருவரின் மகன் லண்டனில் நம்மவர் நடத்தும் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தான். மணிக்கு 7 பவுண், வாரத்துக்கு 35 மணித்தியாலம், சம்பளச் சீட்டு இல்லை. விலகியபோது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. முறைப்பாடு செய்யப் போனால் தான் மீறிய மணித்தியாலங்களையும் தானே ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்பதால் பேசாமல் இருந்துவிட்டான். முதலாளிக்கும் அது நன்றாகத் தெரியும். அந்நியன் செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்றார் நண்பர்.

அவுஸ்திரேலியா இரண்டு வாரத்தை ஓர் அலகாக எண்ணுகிறது: படிப்புக் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணித்தியாலம். வாராவாரம் எண்ணும் பிரித்தானியாவைவிட இது தாராளம். உணவகத்திலோ முதியோர் இல்லத்திலோ நேரம் ஏறியிறங்கும்போது மூச்சு விட இடமுண்டு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. எந்தத் திங்களில் தொடங்கினாலும் அடுத்த 14 நாள் ஓர் அலகு. முதல் வாரம் 18, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 30 என்று உழைத்தால், முதல் இரண்டு வாரமும் சேர்ந்து சரியாக 48. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 60. மாணவர் தான் மீறியதையே அறியாமல் இருப்பார். பாடநெறி தொடங்குமுன் வேலை தொடங்கக் கூடாது, விடுமுறையில் வரம்பில்லை, ஆய்வு முதுமாணி, கலாநிதிப் படிப்பு மாணவருக்குப் படிப்பு தொடங்கிய பின் வரம்பே இல்லை.

2025 யூலை முதல் அங்கு குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டொலர், நிரந்தரமல்லாத வேலைக்கு அதன்மேல் 25 வீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும். கூட்டாமலே கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 31,100 டொலர். அரசாங்கம் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குக் காட்டச் சொல்வது 29,710 டொலர். வரி போக இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று சரி. கட்டணம் இங்கேயும் வெளியில்தான் நிற்கிறது, ஆனால் அறையும் சோறும் நேர்மையான உழைப்பில் ஓடும். விசாக் கட்டணமாகிய 2,000 டொலர், விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது என்பதை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இங்கே உறவினரின் அறிவுரை பற்றி ஒரு சொல். மெல்பேர்ணில் இருக்கும் எங்கள் ஒன்றுவிட்ட சகோதரன், "வேலைநேரமெல்லாம் ஒருத்தரும் பார்க்கிறதில்லை" என்று தொலைபேசியில் அடித்துச் சொன்னான். அவன் போனது 2022இல். அந்த ஆண்டு சனவரி முதல் 2023 யூன் இறுதி வரை, ஆட்பற்றாக்குறையைச் சமாளிக்க அவுஸ்திரேலியா வரம்பை முழுவதுமாக நீக்கியிருந்தது. கனடாவும் 2022 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் முடிய அவ்வாறே செய்தது. அந்தக் காலத்தில் போனவர்கள் தங்கள் அனுபவத்தை உண்மையாகவே சொல்கிறார்கள். அது இன்றைய சட்டமாக இருப்பதில்லை. யார் எதைச் சொன்னாலும் எந்த ஆண்டு போனவர் என்று முதலில் கேட்கப் பழகிக்கொண்டோம்.

கனடாவில் 2024 நவம்பர் 8 முதல் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம். வளாகத்துக்குள் செய்யும் வேலைக்கு வரம்பில்லை. மருமகனுக்கு மிகப் பிடித்த விதி ஒன்றும் இங்கே உண்டு: கனடாவுக்கு வெளியே உள்ள முதலாளிக்கு இணையவழியில் செய்யும் வேலை இந்த 24இல் சேராது. அதாவது கொழும்பு நிறுவனம் சம்மதித்தால் இப்போதைய வேலையில் ஒரு பகுதியைக் கையோடு கொண்டுபோகலாம். ரூபாயில் வரும் சம்பளம் டொலர்ச் செலவுக்கு எவ்வளவு காணும் என்பது தனிக் கதை. ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளமான 17.60 டொலரில் 24 மணித்தியாலத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 21,960 டொலர் வரும். அரசாங்கம் கேட்பது 22,895. சற்றே குறைவு. ஸ்காபரோவில் பெரியம்மா வீட்டு நிலக்கீழ் அறை கிடைத்தால் இந்தக் கணக்கே மாறிவிடும் என்பதை நம் குடும்பங்கள் சரியாகவே கணிக்கின்றன. ஆனால் 2024 தொடக்கம் மாணவர் அனுமதிகளுக்கு ஆண்டு உச்சவரம்பு வந்திருக்கிறது. பட்டமல்லாத கல்லூரிப் பாடநெறிகளில் படித்தால், குறித்த துறைகளுக்கு மட்டுமே பின்னர் வேலை அனுமதி. பெரியம்மா வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக ஒரு கல்லூரியைத் தெரிவு செய்வது இன்று ஆபத்தானது.

ஜேர்மனி நாட்களை எண்ணுகிறது. ஆண்டுக்கு 140 முழுநாள், அல்லது 280 அரைநாள். 2024 மார்ச்சுக்கு முன் இது 120, 240 ஆக இருந்தது. பல்கலைக்கழகத்திலேயே மாணவ உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் வராது. 2026இல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 13.90 யூரோ, 140 நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் 15,568 யூரோ. விசாவுக்கு முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் வைக்கச் சொல்வது ஆண்டுக்கு 11,904 யூரோ. இதுவரை பார்த்த நான்கு நாடுகளில், கழிவுகள் போனாலும் உழைப்பு வாழ்க்கைச் செலவைத் தாண்டி நிற்பது இங்கே மட்டுந்தான். போதாததற்குப் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே இல்லை; பாடன்-வூட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அண்மையில் கட்டணம் தொடங்கியிருக்கிறது.

அப்படியானால் எல்லோரும் ஏன் அங்கே போகவில்லை? மொழி. ஆங்கிலத்தில் நடக்கும் முதுமாணிப் படிப்புகள் உண்டு, ஆனால் பேக்கரியில் பாண் விற்கவும் களஞ்சியத்தில் மேற்பார்வையாளர் சொல்வதை விளங்கிக்கொள்ளவும் ஜேர்மன் வேண்டும். கணினித் துறையில் ஆங்கிலத்தோடு சமாளிக்கலாம் என்பது உண்மை. அது பெர்லினில் உள்ளளவு சிற்றூர்ப் பல்கலைக்கழகத்தில் இருக்காது. கொழும்பு 7இல் உள்ள கேத்தே நிறுவனத்தில் வகுப்புகள் நடக்கின்றன. வேலை முடிந்து களைத்துப்போய் மாலை வகுப்பில் உட்கார்ந்து, மேசைக்கு ஆண்பாலா பெண்பாலா என்று பாடமாக்கத் தயாராக இருக்க வேண்டும். (ஆண்பால்தான்; மருமகன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.) இந்த உழைப்பு எந்த முகவரின் தாளிலும் விலையாக எழுதப்படுவதில்லை; ஜேர்மனியின் உண்மையான கட்டணம் அதுதான்.

அமெரிக்கா மணித்தியாலத்தோடு இடத்தையும் பார்க்கிறது. எஃப்-1 விசாவில் தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணித்தியாலம். வெளியே போய் உணவகத்தில் வேலை செய்ய வழியில்லை. வெளிவேலை என்றால் பொதுவாகப் படிப்போடு தொடர்புடைய பயிற்சியாக, அனுமதி பெற்றுத்தான். சேமிப்பை மட்டும் நம்பிப் போகும் குடும்பத்துக்கு இது மிகக் கடினமான நாடு. ஆனால் ஒருவகையினருக்கு மட்டும் இதுவே முதற்தெரிவு: மொறட்டுவையிலோ பேராதனையிலோ நல்ல சித்தியுடன் வெளியேறி, கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ கலாநிதிப் படிப்புக்கு அனுமதி பெறுவோர். அவர்களுக்குக் கட்டணம் தள்ளுபடி, கையில் மாதப் படி. மாணவரின் வேலையே படிப்புக் கட்டணத்தையும் கட்டிவிடும் இடமாக இந்த ஒப்பீட்டில் நான் கண்டது இது ஒன்றே. மருமகனின் பெறுபேறு அந்த உயரத்தில் இல்லை. அதை அவனே சொன்னான்.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். ஜப்பானில் தனி அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணித்தியாலம், நீண்ட விடுமுறையில் நாளுக்கு எட்டு. மொழிப் பாடசாலை வழியாக நம் நாட்டிலிருந்து பலர் போகிறார்கள், ஆனால் பட்டதாரி ஒருவர் மீண்டும் மொழிப் பாடசாலையிலிருந்து தொடங்குவது நீண்ட சுற்று. மலேசியாவில் ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், குறித்த சில தொழில்களில், அதுவும் அனுமதியோடு. இந்தியாவின் மாணவர் விசாவில் வேலையே கூடாது; புலமைப்பரிசில் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். நியூசிலாந்து 2025 நவம்பரில் 20ஐ 25 ஆக உயர்த்தியிருக்கிறது.

படிப்புக்குப் பின்னான காலத்துக்கு வருகிறேன். கடனை உண்மையில் அடைப்பது அந்தக் காலம்தான், கவுண்டரில் நிற்கும் 20 மணித்தியாலம் அல்ல. பிரித்தானியா பட்டதாரி விசாவில் இதுவரை இரண்டு ஆண்டு கொடுத்தது. 2027 சனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளமாணி, முதுமாணிப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம். 2026 செப்டெம்பரில் போகிறவர் 2027 இலையுதிர் காலத்தில்தான் முடிப்பார். ஆகவே அவருக்குக் கிடைப்பது 18 மாதம். முகவர் மருமகனிடம் வாயால் சொன்னது இரண்டு ஆண்டு என்றுதான். அதன்பின் திறன்மிகு பணியாளர் விசாவுக்கு மாற ஆண்டுச் சம்பளம் பொதுவாக 41,700 பவுண், புதிதாகத் தொழிலில் நுழைவோருக்கு 33,400 பவுண் வேண்டும். மென்பொருள் துறையினருக்கு இது எட்டக்கூடியது, முகாமைத்துவ முதுமாணி எடுத்தவருக்கு வெகு கடினம். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் வழி 2025 யூலையில் மூடப்பட்டுவிட்டது.

அவுஸ்திரேலியாவில் 485 எனப்படும் பட்டதாரி விசா இளமாணிக்கும் பாடநெறி முதுமாணிக்கும் இரண்டு ஆண்டு. வயது 35ஐத் தாண்டக் கூடாது. அக்காவின் மேல்மாடியில் குடியிருக்கும் ஒருவர் 34 வயதில் இரண்டாண்டு முதுமாணிக்கு விண்ணப்பிக்க இருந்தார். படித்து முடிக்கும்போது 36. அவருக்கு 485 இல்லை என்பதை எந்த முகவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கனடா முதுமாணிக்கு, படிப்பு ஓராண்டாக இருந்தாலும் மூன்று ஆண்டு வரை தருகிறது. மொழித் தேர்வும் தேவை. ஜேர்மனியில் வேலை தேட 18 மாதம், அதற்குள் எந்த வேலையும் செய்யலாம். அமெரிக்காவில் 12 மாதம், விஞ்ஞான, தொழில்நுட்பத் துறையென்றால் மேலும் 24.

இன்னொரு தவறான எண்ணமும் வீட்டில் இருந்தது: அங்கே போய் உழைப்பதைக் காட்டி விசா எடுக்கலாம் என்பது. நாளைய பகுதிநேரச் சம்பளத்தை இன்றைய காசாக விசா அதிகாரிகள் ஏற்பதில்லை. பிரித்தானியாவுக்கு முழுத் தொகையும் 28 நாள் தொடர்ந்து வங்கியில் இருக்க வேண்டும். கொழும்பில் வட்டிக்குக் "காசு காட்டிக்" கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; 29ஆம் நாள் அந்தக் காசு போய்விடும், பிள்ளை விமானம் ஏறும்போது கணக்கில் ஒன்றும் இராது. 35 மணித்தியால இரவு வேலைக்கான விதை பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

ஆகவே என் கருத்து இது. கட்டணம் முழுவதும், முதல் ஆறு மாதச் செலவும் வேலையை நம்பாமல் கையில் இருந்தால் மட்டுமே பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா பற்றிப் பேசலாம். வேலை செய்யும் உரிமைக்கு நான் கொடுக்கும் மதிப்பு வேறு. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது, கொழும்பிலிருந்து வரும் காசை மட்டும் நம்பிய பிள்ளைகள் தடுமாறினார்கள். வாரத்தில் மூன்று நாளாவது சம்பளச் சீட்டோடு வேலை செய்தவர்கள் சாப்பாட்டையும் வாடகையையும் சமாளித்தார்கள். அப்படி ஒரு நாளுக்காக அந்த உரிமை வேண்டும். அந்த அளவுகோலில் பார்த்தால் மருமகனுக்கு ஜேர்மனி முதலாவது, அவுஸ்திரேலியா இரண்டாவது. ஸ்காபரோ உறவினர் காரணமாகக் கனடா அதற்கு அருகில். லண்டன் கடைசி. அக்காவுக்கு இந்த வரிசை பிடிக்கவில்லை, "தெரிஞ்ச ஒருத்தரும் இல்லாத ஊரிலயா?" என்பது அவருடைய கேள்வி, அது சிறிய கேள்வியும் அல்ல.

இப்போதைக்குக் காணி விற்பனை நிற்கிறது. மருமகன் மாலை நேர ஜேர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறான், கொழும்பு வேலையை விடவில்லை. அவன் எடுத்த ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் பெறுபேறு இரண்டு ஆண்டுக்குச் செல்லும். அதில் ஏழு மாதம் கழிந்துவிட்டது.